மிளகின் வயிறும் மூன்று டப்பாக்களும்

கேள்வி: எங்கள் பூனை மிளகுக்கு ஒன்றரை வயது ஆகப்போகிறது. கருத்தடை செய்த ஆண். ஐந்து மாதக் குட்டியாக இருந்தபோது, ஏழெட்டுப் பூனைகள் வளர்க்கும் ஒருவர் வீட்டிலிருந்து எடுத்து வந்தோம். இரண்டு மாதமாக மலம் கூழாகப் போகிறது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை மணல் தட்டுக்கு ஓடுகிறான். கடைசியில் ஜவ்வு மாதிரி ஏதோ வருகிறது, சில நாள் சிவப்பாக ஒரு கோடும் தெரிகிறது. ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறான், விளையாடுகிறான், எடையும் குறையவில்லை. டாக்டர் ஐந்து நாள் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார். உடனே கெட்டியானது, பத்தே நாளில் பழையபடி ஆகிவிட்டது. இப்போது என் மேசையில் மூன்று டப்பாக்கள் இருக்கின்றன: பத்து வகை பாக்டீரியா கலந்த ப்ரோபயாடிக் பவுடர், செரிமான என்சைம் பவுடர், எனக்காக வாங்கிய ப்ரோபயாடிக் கேப்சூல். தயிரே போதும் என்கிறார் மாமியார். எதைக் கொடுக்க? மூன்றையும் சேர்த்துக் கொடுக்கலாமா? ஆயுசுக்கும் கொடுக்க வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: என்சைம் வேண்டவே வேண்டாம். உங்கள் கேப்சூலை நீங்களே சாப்பிடுங்கள். ப்ரோபயாடிக் பவுடரைச் சில வாரம் கொடுத்துப் பார்க்கலாம், டப்பாவின் பின்பக்கம் நான் கீழே சொல்லும் தேர்வில் தேறினால். ஆனால் இதற்கெல்லாம் முன்னால் மிளகின் மலம் ஒரு ஆய்வகத்துக்குப் போக வேண்டும். உங்கள் கடிதத்தில் மூன்று டப்பாக்களைவிட எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த 'ஏழெட்டுப் பூனைகள்' இருந்த வீடுதான்.

ஏன் என்று சொல்கிறேன். கழிச்சல் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும், சிறுகுடலிலிருந்து வருவது வேறு, பெருங்குடலிலிருந்து வருவது வேறு. சிறுகுடல் கெட்டால் மலம் அளவில் நிறைய இருக்கும், தடவை அவ்வளவாகக் கூடாது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, எடை இறங்கும், பல சமயம் வாந்தியும் சேர்ந்துகொள்ளும். ரத்தம் கலந்தால் தார் போலக் கறுத்து வரும். பெருங்குடல் கெட்டால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, அவசரமாக வரும். முக்கல் இருக்கும், சளி இருக்கும், கடைசியில் பளிச்சென்று ஒரு சிவப்புக் கோடு. பூனை மட்டும் ஒன்றுமே நடக்காதது போல ஓடி விளையாடும். நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசலாக இந்த இரண்டாவது வகை. ஜவ்வு என்று சொன்னீர்களே, அது பெருங்குடல் சுவர் சுரக்கும் சளி. இவ்வளவு விவரமாகப் பார்த்து எழுதியதற்கு உங்களுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். பலர் பூனையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், மணல் தட்டை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இளம் வயது, கூட்டமாகப் பூனைகள் இருந்த வீடு, பெருங்குடல் கழிச்சல், ஆன்டிபயாடிக் கொடுத்தால் நின்று நிறுத்தியதும் திரும்புவது. இந்த நாலும் ஒன்றாக வந்தால் ட்ரைட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியைச் சந்தேகப்பட்டே ஆக வேண்டும். ஒற்றைச் செல் உயிரி. பூனையின் பெருங்குடலில் குடியிருக்கும், மணல் தட்டைப் பகிர்ந்துகொள்ளும் பூனைகளுக்குள் பரவும். மெட்ரோனிடசோல் இதை ஒழிப்பதில்லை. மருந்து உள்ளே இருக்கும்வரை மலம் கெட்டியாகி நம்மை ஏமாற்றும், நிறுத்தியதும் பழைய கதைதான். ஆகவே அந்த ஐந்து நாள் மருந்து வீண் என்று நினைக்க வேண்டாம். 'நின்றது, திரும்பியது' என்பதே ஒரு துப்பு. இன்னொரு சந்தேகம் ஜியார்டியா. அதுவும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணிதான், அதுவும் பூனைகள் நெருங்கி வாழும் இடத்தில்தான் அதிகம்.

புழு முட்டை தேடும் வழக்கமான பரிசோதனையில் ட்ரைட்ரைக்கோமோனாஸ் சிக்காது. ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மாதிரி எடுப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காலையில் அவன் தட்டை விட்டு இறங்கியதும் மணல் ஒட்டாத கூழான பகுதியை, முடிந்தால் அந்தச் சளியோடு சேர்த்து, மூடியுள்ள சின்ன டப்பாவில் எடுங்கள். மைக்ராஸ்கோப்பில் நேரடியாகப் பார்ப்பதானால் சூடு ஆறுவதற்குள் கொண்டுபோக வேண்டும், ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. அந்த உயிரி நீந்துவதைப் பார்த்துத்தான் அடையாளம் காண முடியும், குளிரில் அது செத்துவிடும். பிசிஆருக்கு எப்படி அனுப்புவது என்று ஆய்வகமே சொல்லும். ஜியார்டியா தினமும் மலத்தில் இறங்காது என்பதால், அதற்கு ஒரு நாள் மாதிரியை வைத்து 'இல்லை' என்று முடிவு கட்ட முடியாது. இரண்டு மூன்று நாள் மாதிரி நல்லது.

ட்ரைட்ரைக்கோமோனாஸ் இருந்துவிட்டால் அதற்கென்று ரோனிடசோல் என்ற மருந்து இருக்கிறது. அளவு கொஞ்சம் கூடினாலும் நரம்பில் கோளாறு காட்டும் மருந்து என்பதால் மருத்துவர் எடை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். மருந்தே இல்லாமல் இரண்டு வருடத்துக்குள் தானாகச் சரியாகும் பூனைகளும் நிறைய. எதுவானாலும், எந்த டப்பாவில் இருக்கும் எந்த ப்ரோபயாடிக்கும் இந்த ஒட்டுண்ணியை விரட்டாது. தெரியாமல் மாதக்கணக்கில் பவுடர் தூவிக்கொண்டிருப்பீர்களே என்றுதான் இதை முதலில் சொன்னேன்.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் பன்னிரண்டு வயதுப் பெண் பூனை ஒன்று வந்தது. மலம் இளகல், பசி மட்டும் அபாரம். 'வயிறுதானே' என்று ப்ரோபயாடிக் எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து வந்தார்கள், இன்னும் மூன்று வாரம் பார்க்கலாம் என்றேன். அடுத்த முறை வந்தபோது அவள் தோள்பட்டை எலும்பு கையில் குத்தியது. அப்போதுதான் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். தொண்டைக்குக் கீழே பயறு அளவில் ஒரு முடிச்சு. தைராய்டு. ரத்தப் பரிசோதனை செய்து மருந்து தொடங்கியதும் மலம் தானாகக் கெட்டியானது. பவுடர் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை, ஆனால் ஆறு வாரத்தைத் தின்றுவிட்டது. வயதான பூனை நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால் தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம், குடல் புற்றுநோய் என்று தேட வேண்டியவை வரிசையாக இருக்கின்றன. மிளகு அந்த வயதில் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் வேறு யாரோ ஒருவர் வீட்டில் அப்படியொரு பூனை இருக்கலாம்.

சரி, டப்பாக்களுக்கு வருவோம்.

ப்ரோபயாடிக் என்பது உயிருள்ள நுண்ணுயிர். போதுமான அளவில் கொடுத்தால் உடம்புக்கு நன்மை செய்ய வேண்டும். 2001-இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு தந்த வரையறையின் சாரம் இவ்வளவுதான். உயிர், அளவு, நன்மை என்ற இந்த மூன்றையும் வைத்து எந்த டப்பாவையும் உரசிப் பார்த்துவிடலாம். முன்பக்கத்தில் சிரிக்கும் பூனைப் படம் இருக்கும், அதை விடுங்கள். திருப்பிப் பின்பக்கம் பாருங்கள்.

முதலில் பெயர். ஒரு நுண்ணுயிரின் முழுப்பெயர் விலாசம் மாதிரி: ஊர், தெரு, கதவிலக்கம். 'லாக்டோபேசில்லஸ்' என்றால் ஊர் மட்டும் தெரியும். 'லாக்டோபேசில்லஸ் அசிடோஃபிலஸ்' என்றால் தெரு தெரியும். அதற்குப் பின்னால் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு இருந்தால்தான் எந்த வீடு என்று தெரியும். ஆராய்ச்சி எல்லாம் அந்த ஒரு வீட்டில்தான் நடந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் நல்லவர் என்பதால் இவரும் நல்லவர் ஆகிவிட மாட்டார். பூனைகளில் நன்கு ஆராயப்பட்ட ஒரு பெயர் என்டெரோகாக்கஸ் ஃபீசியம் எஸ்எஃப்68. என்சிஐஎம்பி 10415 என்று எழுதியிருந்தாலும் அதே ஆள்தான். விலங்குக் காப்பகம் ஒன்றில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், இதைச் சாப்பிட்ட பூனைகளில் 7.4 சதவீதத்துக்குத்தான் இரண்டு நாளோ அதற்கு மேலோ நீடித்த வயிற்றுப்போக்கு வந்தது. சாப்பிடாத கூட்டத்தில் அது 20.7 சதவீதம். நல்ல வித்தியாசம்தான், ஆனால் அது எதைச் சொல்கிறது என்று பாருங்கள். புது இடம், கூண்டு, குரைக்கும் நாய்கள் என்று பதற்றத்தில் இருக்கும் பூனைக்கு வரும் குறுகிய காலக் கழிச்சலைக் குறைத்தது. இரண்டு மாதமாக நடக்கும் கழிச்சலைக் குணப்படுத்தியது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

உங்கள் டப்பாவில் 'பத்து வகை' என்று போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பத்து என்பது பெருமைக்குரிய எண்ணிக்கை ஒன்றும் இல்லை. பல வகை கலந்த நல்ல கலவைகளும் இருக்கின்றன, ஆனால் அந்தக் கலவையையே முழுசாக ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. பத்துப் பெயரில் ஒன்றுக்குக்கூடக் கதவிலக்கம் இல்லையென்றால் என் மதிப்பெண் பூஜ்ஜியம்.

அடுத்தது எண்ணிக்கை. சிஎஃப்யூ என்று போட்டிருப்பார்கள், உயிரோடு முளைக்கக்கூடிய நுண்ணுயிர்களின் கணக்கு. பூனைக்கான சாஷேக்களில் ஒரு கிராமுக்குப் பத்துக் கோடி என்பதும் உண்டு, பல வகைக் கலவைகளில் ஆயிரம் கோடிக் கணக்கிலும் உண்டு. ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு 'இதில் சைபர் அதிகம்' என்று வாங்குவதில் அர்த்தமில்லை, ஒவ்வொரு வகைக்கும் வேலை செய்யும் அளவு வேறு. பார்க்க வேண்டியது இன்னொன்று: அந்த எண்ணிக்கை தயாரித்த அன்றைய கணக்கா, காலாவதி நாள்வரை உத்தரவாதமா? 'தயாரிப்பின்போது' என்று சின்ன எழுத்தில் இருந்தால், இன்று உள்ளே எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. கனடாவில் 25 தயாரிப்புகளை வாங்கி வளர்த்துப் பார்த்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். லேபிளும் ஒழுங்காக இருந்து, உள்ளே இருந்ததும் லேபிளோடு ஒத்துப்போனவை இரண்டே இரண்டு. பல நாடுகளில் இவை மருந்து என்ற கணக்கில் வருவதில்லை, துணை உணவாகத்தான் விற்கின்றன. மருந்துக்கு நடக்கும் சோதனைகள் இவற்றுக்கு நடப்பதில்லை. அதனால் தயாரிப்பாளரின் பெயர், தொகுதி எண், காலாவதி நாள், பூனைக்கான அளவு இந்த நான்கில் ஒன்று இல்லையென்றாலும் நான் அந்த டப்பாவைத் தொட மாட்டேன்.

மூன்றாவது, உயிர். மூடியைத் திறந்து டப்பாவை லேசாகச் சாய்த்துப் பாருங்கள். பவுடர் பொலபொலவென்று உதிர வேண்டும். கட்டி தட்டியிருந்தால் ஈரம் புகுந்துவிட்டது என்று அர்த்தம். உலர்ந்த நிலையில் தூங்கும் பாக்டீரியா ஈரம் பட்டால் விழித்துக்கொள்ளும். தின்ன ஒன்றும் இல்லாமல், அடுத்த தூக்கத்துக்கும் வழியில்லாமல் செத்துப்போகும். அடுப்பு மேடை, ஜன்னல் ஓரம், குளியலறை அலமாரி எல்லாம் கூடாது. ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லியிருந்தால் கடையிலும் ஃபிரிட்ஜில்தான் இருந்திருக்க வேண்டும். வெயிலில் நின்ற பார்சலில் வந்ததை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்து என்ன பயன்? இந்த விஷயத்தில் தனித்தனி சாஷே, பெரிய டப்பாவைவிடப் பாதுகாப்பு, ஒவ்வொரு தடவையும் காற்றும் ஈர ஸ்பூனும் உள்ளே போகாது. பேசில்லஸ் வகைகள் மட்டும் விதை மாதிரி ஓட்டுக்குள் இருப்பதால் சூட்டைத் தாங்கும். மற்றவை தாங்காது, ஆகவே ஆவி பறக்கும் சாப்பாட்டில் தூவாதீர்கள்.

மெட்ரோனிடசோல் மாதிரி ஆன்டிபயாடிக் மறுபடி தேவைப்பட்டால், பாக்டீரியா ப்ரோபயாடிக்கை அதோடு சேர்த்துக் கொடுக்காமல் குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். சாக்கரோமைசிஸ் புலார்டி என்றொரு வகை உண்டு. அது பாக்டீரியா அல்ல, ஈஸ்ட். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதை ஒன்றும் செய்யாது, பூஞ்சை மருந்து கொன்றுவிடும். கடும் நோயில் எதிர்ப்புச் சக்தி இற்றுப்போன பூனைக்கு உயிருள்ள நுண்ணுயிர் எதையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

உங்கள் சொந்தக் கேப்சூல் மிளகுக்கு விஷமில்லை. ஆனால் அதிலிருக்கும் வகைகள் மனிதக் குடலுக்கென்று தேர்ந்தெடுத்தவை, அளவும் உங்கள் எடைக்கு. சுவையூட்டியோ இனிப்போ சேர்த்திருந்தால் அது பூனைக்குத் தேவையில்லாத விஷயம்.

தயிர் விஷயம் கொஞ்சம் சுவாரசியம். ப்ரோபயாடிக் என்ற எண்ணத்தின் மூதாதையே புளித்த பால்தான். பல்கேரிய விவசாயிகள் நீண்ட நாள் வாழ்வதற்குப் புளித்த பாலே காரணம் என்று நூறு வருடத்துக்கு முன்பே சொன்னவர் எலி மெச்னிகாஃப், நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி. அவரும் அதைத் தவறாமல் குடித்தார், 71 வயதில் காலமானார். உங்கள் மாமியார் நல்ல கூட்டணியில்தான் இருக்கிறார் என்று சொல்ல வந்தேன். ஆனால் பால் மறந்த பூனைக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் என்சைம் குறைந்துவிடும். தயிரில் அந்தச் சர்க்கரை பாலைவிடக் குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. பாலைத் தயிராக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை குடலில் நிலைத்து நிற்பதுமில்லை. நல்ல வயிறு உள்ள பூனை ஒரு நக்கு நக்கினால் ஒன்றும் ஆகாது. இரண்டு மாதமாகக் கழியும் வயிற்றுக்கு அது மருந்தில்லை, சில பூனைகளுக்குக் கழிச்சலைக் கூட்டவும் செய்யும்.

என்சைம் டப்பாவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. 'உலர் உணவில் என்சைம் இல்லை, அதனால் உங்கள் பூனைக்குச் செரிக்கவில்லை' என்று எழுதி விற்கிறார்கள். பூனை தனக்கு வேண்டிய என்சைமைச் சாப்பாட்டிலிருந்து எடுப்பதில்லை, அதன் கணையம் சுரக்கிறது, தேவைக்கு மேலேயே சுரக்கிறது. கணையத்தின் என்சைம் சுரக்கும் திறனில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு போன பிறகுதான் செரிமானம் படுக்கும். அந்த நோய் வந்த பூனையைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்: எலும்பும் தோலுமாக இருக்கும், எப்போதும் பசி பசி என்று அலையும், மலம் குவியல் குவியலாக, பெரும்பாலும் வெளுத்து எண்ணெய்ப் பசையோடு இருக்கும். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, அதில் கணைய என்சைமின் அளவைப் பார்க்கும் டிஎல்ஐ என்று ஒரு பரிசோதனை செய்தால் உறுதியாகிவிடும். அந்தப் பூனைக்கு என்சைம் பவுடர் உயிர் காக்கும் மருந்து. எடை குறையாமல் கொட்டமடிக்கும் மிளகுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஈரம் சேர்க்காமல் கொடுத்தால் வாய் ஓரம் புண்ணாகும், ஏனென்றால் அது புரதத்தைக் கரைக்கும் பொருள், உதடும் புரதம்தானே. திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மேசையில் இல்லாத ஒன்றை நான் சொல்வேன்: நார். இசப்கோல் உமி, சர்க்கரையும் சுவையும் சேர்க்காதது. பெருங்குடல் கோளாறுக்குப் பல சமயம் ப்ரோபயாடிக்கைவிட இது கை கொடுக்கும். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் இளகியதைத் திரட்டும், இறுகியதை இளக்கும். அதைத் தின்று நல்ல பாக்டீரியாவில் சிலவும் பிழைக்கும். கால் டீஸ்பூன், ஈர உணவில் நன்றாக ஊறவைத்து, கூடவே இன்னும் கொஞ்சம் தண்ணீர். உலர்ந்தபடியே தூவினால் தொண்டையிலேயே உப்பிவிடும். நுண்ணுயிரை வளர்க்கும் நாரை ப்ரீபயாடிக் என்பார்கள், சில டப்பாக்களில் இரண்டும் கலந்தே வரும், இனுலின், எஃப்ஓஎஸ் என்ற பெயரில். கெடுதலில்லை, அதிகமானால் வாயு. வைட்டமின் பி12 பற்றிக் கேட்பவர்களும் உண்டு. அது நாட்பட்ட சிறுகுடல், கணைய நோய்க்காரர்களுக்கு. பி12-ஐ உறிஞ்ச உதவும் புரதத்தைப் பூனையில் கணையம் மட்டுமே சுரக்கிறது, அதனால் அங்கே பழுதானால் பி12 மளமளவென்று இறங்கும். மிளகுக்கு இப்போது அதற்கு வேலையில்லை.

எப்படிக் கொடுப்பது என்பதில்தான் பலர் தோற்கிறார்கள். முதல் நாளே முழு சாஷேயைக் கிண்ணம் நிறைய உணவில் கொட்டிக் கலக்குவார்கள். பூனை கிட்டே வரும், முகரும், ஒரு நொடி உங்களை நிமிர்ந்து பார்க்கும். பிறகு கிண்ணத்தைச் சுற்றி வெறும் தரையை முன்னங்காலால் வறட் வறட்டென்று பிறாண்டும், மலத்தை மணல் போட்டு மூடுகிற அதே அசைவு. தீர்ப்பு வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அப்புறம் பவுடர் இல்லாமல் வைத்தாலும் அந்த உணவையே தொடாத பூனைகள் உண்டு. ஆகவே பசி நேரத்தில், அவனுக்குப் பிடித்த ஈர உணவில் ஒரே ஒரு ஸ்பூன் எடுத்து, பவுடரில் ஒரு சிட்டிகை மட்டும் கலந்து முதலில் வையுங்கள். அது காலியானதும் மீதிச் சாப்பாடு. நாலைந்து நாளில் முழு அளவுக்கு வாருங்கள். எஸ்எஃப்68 உள்ள ஃபோர்ட்டிஃப்ளோரா சாஷேயில் விலங்குப் புரதத்திலிருந்து எடுத்த சுவையூட்டி இருக்கிறது, பெரும்பாலான பூனைகள் அதற்கு மயங்கிவிடும். அதே காரணத்தால், ஒவ்வாமை கண்டுபிடிக்க ஒரே புரத உணவில் வைத்திருக்கும் பூனைக்கு அதைத் தூவினால் அந்தச் சோதனையே கெட்டுப்போகும். லேபிளின் மற்றப் பொருள்கள் பகுதியைப் படிக்கச் சொல்வது இதற்காகவும்தான். பூண்டு, வெங்காயப் பொடி என்று எழுதியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள், இரண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும்.

மிளகுக்கு என் வரிசை இது. முதலில் மாதிரி கொடுங்கள். முடிவு வருவதற்குச் சில நாள் ஆகும், அதற்குள் ப்ரோபயாடிக்கைத் தொடங்க எனக்கு ஆட்சேபம் இல்லை, அதை மட்டும், வேறு எதையும் மாற்றாமல். ஒரு நோட்டில் தினமும் ஒரு வரி: எத்தனை தடவை, வடிவம் நின்றதா, சளி, ரத்தம், வாந்தி. வாரம் ஒரு முறை எடை. அவனைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நின்று உங்கள் எடையைக் கழித்தால் போதும். பரிசோதனையில் ஒட்டுண்ணி கிடைத்தால் அதற்கு வைத்தியம். எதுவும் இல்லை, சுத்தம் என்று வந்தால் என் அடுத்த ஆயுதம் ப்ரோபயாடிக்கும் அல்ல, உணவு. வேறு புரதமோ, புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்த மருத்துவ உணவோ, ஏழு முதல் பத்து நாளில் மெதுவாக மாற்றி, பிறகு இரண்டு மூன்று வாரம் அது மட்டும். உணவால் கேட்கிற குடல் பெரும்பாலும் அதற்குள் பதில் சொல்லிவிடும். அந்தச் சமயத்தில் பவுடரையும் நிறுத்திவிடுங்கள். இரண்டும் ஒன்றாக நடந்து மலம் கெட்டியானால் எதற்கு நன்றி சொல்வது என்று தெரியாது. நாருக்கு அதற்கப்புறம் முறை.

மூன்றையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. ஆயுசுக்குமா? வேண்டாம். இந்த நுண்ணுயிர்கள் குடலில் வேர் விடுவதில்லை, நிறுத்திய சில நாளிலோ வாரத்திலோ கழிந்துவிடும். நாலு வாரம் கொடுத்தும் நோட்டில் மாற்றமில்லை என்றால் அந்தப் பவுடர் உங்கள் பூனைக்கு வேலை செய்யவில்லை. மலம் இரண்டு வாரம் தொடர்ந்து கெட்டியாக இருந்தால் நிறுத்திப் பாருங்கள். நிறுத்தும் ஒவ்வொரு முறையும் கழிச்சல் திரும்பினால் அப்போது நீண்ட நாள் கொடுப்பதில் நியாயம் உண்டு.

காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் பூனை விஷயத்தில் அது அவசரம். பட்டினியில் அதன் ஈரலில் கொழுப்பு அடைத்துவிடும், குண்டுப் பூனைக்கு இன்னும் வேகமாக. திரும்பத் திரும்ப வாந்தி, கறுப்பு மலம், சோர்ந்து மூலையில் ஒதுங்குவது, வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவது, இவற்றுக்கும் உடனே போங்கள். நூலை இழுத்துவிடாதீர்கள். வீட்டிலிருக்கும் மனிதர்களுக்கான பேதி மாத்திரை, வயிற்று மருந்து எதையும் கொடுக்க வேண்டாம். அவற்றில் சிலவற்றில் உள்ள சாலிசிலேட் பூனைக்கு விஷம்.

மிளகு ஆண் என்பதால் இன்னொன்று. மணல் தட்டில் முக்குகிறான், ஒன்றும் வரவில்லை என்றால் அது மலச்சிக்கல் என்று நினைத்து நார் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் மெல்லியது, அடைத்துக்கொள்ளும். முக்கும் கோலம் இரண்டுக்கும் ஒன்றுதான். தட்டில் சிறுநீர் பட்டு மணல் திரண்ட ஈரக் கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மூன்று நாளாக 'மலச்சிக்கல்' என்று மலமிளக்கிப் பேஸ்ட் கொடுத்துவிட்டுக் கொண்டுவந்த ஒரு ஆண் பூனையை எங்களால் காப்பாற்ற முடியவில்லை.

அடுத்த கடிதத்தில் டப்பாவின் முன்பக்கப் படம் வேண்டாம். பின்பக்கத்துச் சின்ன எழுத்தையும் பிசிஆர் முடிவையும் மட்டும் எழுதி அனுப்புங்கள்.